அக்காவின் வயது

கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சின்னக் கத்திரியை அவள் குளிக்கும்போதாவது கழற்றுவாளா என்று தையல் ஆலையில் கேலி செய்வார்கள். அவளுக்குப் பெயரே கத்திரியக்கா ஆகிவிட்டது. சட்டையில் ஒரே ஒரு நூல் பிசிறு மிச்சம் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

ஆலைக்கு வந்தபோது அவளுக்கு வயது பதினொன்று. அந்த வருஷம்தான் வெளிநாடு ஒன்றோடு வியாபார ஒப்பந்தம் போட்டார்கள். பிள்ளைகள் கைபட்ட துணி வேண்டாம் என்றது அந்த நாடு. அதுவரை யார் கத்தினாலும் அசையாத அரசாங்கம் ஒரே மாதத்தில் சட்டம் கொண்டுவந்தது. பதினான்கு வயதுக்குக் கீழே யாரும் ஆலைக்குள் நுழையக் கூடாது. நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? வெளியே அனுப்பிய பிள்ளைகள் எதைச் சாப்பிடுவார்கள் என்று மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை.

அதே மாதம் அவளுடைய அக்கா காய்ச்சலில் கண்ணை மூடினாள். அக்காவுக்குப் பதினைந்து. மூன்றாம் நாள் அப்பா அக்காவின் பிறப்புச் சான்றிதழோடு இவளை ஆலைக்குக் கூட்டிப்போனார். வாய் தவறிவிடக் கூடாதே என்று அன்று முதல் வீட்டிலும் இவளுக்கு அக்கா பெயர்தான். அம்மா அந்தப் பெயரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவாள். இவள் வந்து உட்கார்ந்த பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவளுக்குத் தட்டில் கை வைக்கவே பயமாக இருக்கும்.

நாற்பத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் ஓய்வுக் கடிதம் கொடுத்தார்கள். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டதாம். இவளுக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி. கணவனோ படுத்த படுக்கை. வேலை போனால் அடுப்பில் பூனைதான் தூங்கும். நல்லவேளையாக, ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது சட்டத்தில் இன்னொன்றும் சேர்த்திருந்தார்கள். சின்ன வயதில் வயதைக் கூட்டிக் காட்டி வேலைக்கு வந்தவர்கள் சொந்தப் பிறப்புச் சான்றைக் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம். யாருக்கும் தண்டனை கிடையாது.

பதிவு அலுவலகத்தில் தன் சொந்தப் பெயரைச் சொன்னாள். யாரோ ஒருத்தியின் பெயரைச் சொல்வது போலிருந்தது. எழுத்தர் பழைய பதிவேட்டைப் புரட்டி, பிறப்பு இருக்கிறது என்றார். அவளுக்கு உயிர் வந்தது. ஓரத்தில் எழுதியிருந்த ஏதோ குறிப்பைப் படித்துவிட்டு அவர் இன்னொரு பதிவேட்டை எடுத்தார். பாதிப் பக்கத்தில் விரல் நின்றது.

"ஏம்மா, இந்தப் புள்ள பதினோரு வயசுல காய்ச்சல்ல இறந்துபோச்சே. அப்பா கைநாட்டு வச்சிருக்காரு பாருங்க."

தேதியைப் பார்த்தாள். அக்காவைப் புதைத்த மறுநாள். அக்கா பெயர் வேலைக்குப் போக வேண்டுமென்றால் செத்தது வேறு யாராவதாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு மிச்சம் இருந்த மகள் இவள் ஒருத்திதான்.

நான்தான் அந்தப் பிள்ளை, இதோ நிற்கிறேனே என்று கத்த வேண்டும் போலிருந்தது. பைக்குள் இருந்த அடையாள அட்டைகள் எல்லாவற்றிலும் அவள் முகம் இருந்தது, அக்கா பெயரோடு.

"இந்தப் பொண்ணு உங்களுக்கு யாரு?" என்றார் எழுத்தர்.

"தங்கச்சி," என்றாள்.

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளைக்காக யாரும் அழுததில்லை.