விசாரணைக்கு வந்தவருக்கு நிறைகுடம்

தண்ணீர் இல்லை என்ற முறைப்பாட்டை விசாரிக்கப் போகும் அலுவலர் முதலில் செய்ய வேண்டியது குழாயைத் திறந்து பார்ப்பது. அடுத்தது, எவருக்கும் சொல்லாமல் இன்னொரு நாள் வந்து மறுபடி திறந்து பார்ப்பது. கண்பார்வை கெட்டு முன்கூட்டியே ஓய்வு பெறும்வரை ஓர் அரசாங்க அலுவலகத்தில் இப்படிப்பட்ட கோப்புகளைக் கட்டி அவிழ்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தவரோ, நாள் குறித்துக் கடிதம் போட்டுவிட்டு வந்தார், பெண் பார்க்க வருகிறவர் போல.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டம். மலை உச்சித் தொட்டியிலிருந்து வந்த தண்ணீர் முதலில் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்கும், பிறகு இறப்பர் ஸ்டோருக்கும் போய், மிச்சமிருந்தால் எங்களுக்கு வரும். குடும்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு காம்பரா, அத்தனைக்கும் ஒரே குழாய். வந்தால் விடியற்காலை ஒரு மணி நேரம். வராவிட்டால் ஏன் என்று சொல்ல எவருக்கும் கடமை இல்லை. அந்த நேரத்தில்தான் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டப் போயாக வேண்டும். ஆகவே வரிசையில் நிற்பதற்காக அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். பத்து வயதான என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

தொழிற்சங்கத் தலைவர் மனு எழுத, லயமே அதில் கையெழுத்தும் பெருவிரலும் வைத்தது. "நமக்குன்னு தனிக் குழாய் வந்துருச்சின்னா ஒன்னய மறுபடியும் சேத்துவுட்டுர்றேன்" என்று அப்பா அக்காவிடம் சொல்லியிருந்தார்.

அலுவலர் வரும் நாள் தெரிந்ததும் அம்மா வாசலில் நிறைகுடம் வைக்க ஏற்பாடு செய்தார்.

"தண்ணி இல்லேன்னு பாக்கத்தானேம்மா வர்றாரு" என்றாள் அக்கா.

"அதுக்காக காஞ்ச கொடத்தையா காட்டுவாங்க? பெரிய மனுசரு வர்றப்போ வெறும் வாசலா கெடக்க, இது என்ன எழவு வீடா?"

அரிசி தீர்ந்தால்கூட 'நெறைஞ்சிருக்கு' என்று சொல்லும் வீடு எங்களுடையது. வந்தவர்கள் முன்னால் 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது என்று அடித்தே பழக்கியிருந்தார்கள்.

இரண்டு நாட்கள் அக்கா கீழே சிங்களக் கிராமத்து ஊற்றுக்கும் லயத்துக்கும் ஏறி இறங்கினாள். மற்ற காம்பராப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. வாசல்களைக் கழுவி, சாணம் மெழுகி, கோலம் போட்டார்கள். குடங்களைப் புளி போட்டுத் துலக்கி, தளும்பத் தளும்ப நிறைத்து, வரிசையாக வைத்தார்கள். துரைக்கும் கடிதத்தின் பிரதி போயிருந்ததால் அன்றைக்குக் குழாயும் விடிந்ததிலிருந்து நிற்காமல் ஓடியது.

அலுவலர் அந்தக் குழாயடியில் சப்பாத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டார். நிறைகுடத்தைப் பார்த்துத் தலையசைத்தார். தேநீர் குடித்தார். பிறகு, வெள்ளைச் சீருடை போட்டு முன்னால் நிறுத்தப்பட்டிருந்த என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: "துவே, வதுர எனவாத?" மகளே, தண்ணீர் வருகிறதா என்று.

"எனவா சேர். ஹெமதாம." வருகிறது சேர், தினமும்.

என் சிங்களம் நன்றாயிருப்பதாகச் சொல்லி, சிரித்தபடியே எதையோ எழுதிக்கொண்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

மூன்று வாரங்களில் பதில் வந்தது. நேரில் பரிசோதிக்கப்பட்டதாம். நீர் விநியோகம் போதியளவு உள்ளதாம். மேலதிக நடவடிக்கை அவசியமில்லையாம். வளர்ந்தவர் ஒருவரிடமும் வாக்குமூலம் இல்லை. தொட்டியின் அளவு இல்லை. குழாய் எத்தனை மணிக்குத் திறக்கப்படுகிறது, யார் மூடுகிறார்கள் என்ற கேள்வி இல்லை. நிறைந்த குடங்களைக் கண்ட மனிதருக்கு, அவை யார் இடுப்பில் மலையேறின என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அறிக்கை ஒரு பக்கம் நீண்டிருக்கும். அவருக்கு மதியச் சாப்பாடு பிந்தியிருக்கும். நான் வேலை செய்த அலுவலகத்திலும் இந்த மூன்று வாக்கியங்கள் முன்கூட்டியே அச்சடித்து வைக்கப்பட்டிருந்தன. தேதியும் ஊரும் மட்டும் நிரப்பினால் போதும். எத்தனை ஊர்களை நிரப்பினோம் என்று எவரும் எங்களைக் கேட்டதில்லை.

அக்கா மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை. பதினேழு வயதில் கல்யாணமாகி, இன்னொரு தோட்டத்துக் குழாயடிக்குப் போனாள்.

நான் பதில் சொன்னபோது அவள் தேநீர்த் தட்டோடு என் பின்னால்தான் நின்றாள். லயத்திலேயே நல்ல சிங்களம் அவளுடையது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தலைவருக்கும்கூட அந்த இரண்டு சொற்கள் விளங்காமல் இருந்திருக்காது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அலுவலர் போன பிறகும், அந்தக் கடிதம் வந்த பிறகும், யாரும் என்னைத் திட்டவில்லை. அலுவலர் வந்துபோன அன்றிரவு அக்கா வழக்கம்போல எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். வழக்கத்தை விட மெதுவாகவே வாரினாள்.

நான் நல்ல பதில் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.