சமயபுரத்தில் இறக்காத முடி

என் மகள் ஒன்றாம் வகுப்புப் படித்த வருஷம், ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருச்சிக்குத் தெற்கே ஒரு புதுக் காலனிக்குக் குடிபோனோம். அங்கே ஆற்றுத் தண்ணீர் வராது, அடிபம்புதான். பருப்பு வேக நேரமாகும். குடத்துக்குள் வெள்ளையாகப் படியும். அதையெல்லாம் கவனித்த நான், குழந்தையின் தலையைக் கவனிக்கவில்லை.

சீயக்காய் கண்ணில் பட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுவாள். அதனால் புது வீட்டுக்கு வந்ததும் குழந்தைகள் சோப்புக்கு மாற்றினேன். மென்மையானது என்று அட்டையில் போட்டிருந்தது. நான் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்தவள் வேறு. மெஷினில் அரைத்த பொடியைவிட, அளந்து கலந்து கம்பெனியில் செய்தது மேல் என்று எனக்கொரு எண்ணம். சோப்பு சரியாக நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தேய்ப்பேன்.

மூன்றாவது மாதம் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பொண்ணு தலை பூரா ஈருங்க. மத்த பிள்ளைங்க வீட்டுல சத்தம் போடுறாங்க. சுத்தமாகுற வரைக்கும் கடைசி பெஞ்சுல தனியா உட்காரட்டும்."

வீட்டுக்கு வந்து வெயிலில் உட்காரவைத்துப் பார்த்தேன். காதோரத்திலும் பிடரியிலும் முடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பேன்சீப்பில் வாரினால் முடிதான் அறுந்தது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு எண்ணெய் வாங்கித் தேய்த்தேன். அந்த எண்ணெய் போக மறுபடி சோப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் இதே வேலை. முடி தேங்காய் நார் மாதிரி ஆனது. என் கைதான் சுத்தமில்லையோ, நான் சரியாகத் தேய்க்கவில்லையோ என்று என்னையே குடைந்துகொண்டேன். ஒருநாள் சடை பின்னும்போது அவள் கேட்டாள்: "அம்மா, நான் அழுக்கா?"

அன்றைக்கே மொட்டை அடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆனால் ஆறு வயதுப் பெண்ணுக்குத் திடீரென்று மொட்டை அடித்தால் காலனியில் கேட்பார்களே. பக்கத்து வீட்டு அம்மா, மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், என் மகளிடம் விஷயத்தைக் கேள்விப்பட்டு முதலில் கேட்டார். ஈர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சமயபுரத்துக்கு ஒரு வேண்டுதல்ங்க."

"நல்லதுங்க. நாங்களும் பெரியவனுக்கு வேளாங்கண்ணியில போய் அடிச்சோம்."

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து இதைக் கேட்டுவிட்டார். "நீ எப்ப வேண்டிக்கிட்ட?"

"இப்பத்தாங்க."

"லீவு போட்டுட்டு அப்புறம் லெட்டர் குடுக்குற மாதிரி இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய் தவறியாவது அம்மன் பேரைச் சொல்லியாகிவிட்டது. இனி அது வேண்டுதல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில், முடி இறக்கும் மண்டபத்தில் எங்கள் முறை வந்தது. முடி இறக்குபவருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். என் மகளைப் பலகையில் உட்காரவைத்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் வழிந்து ஓடியது, முடி நனையவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார்.

"என்னங்கம்மா இது, மெழுகு பூசின மாதிரி தண்ணியே ஒட்ட மாட்டேங்குது. என்ன போட்டீங்க?"

"ஈருக்கு மருந்து..." குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"ஈரா? எங்க?" ஒரு முடியைப் பிடித்து நகத்தால் இழுத்தார். வெள்ளை நகத்தோடு வந்து மாவாக உதிர்ந்தது. "ஈருன்னா இப்படி வராதுங்க. கெட்டியாப் பிடிச்சுக்கும். உங்க வீட்டுத் தண்ணி உப்பா?"

"ஆமாங்க, பம்புத் தண்ணி."

"சோப்பா போடுறீங்க? நுரைக்குமா?"

"நுரைக்காது. அதான் கொஞ்சம் கூடப் போடுவேன்."

"கூடப் போட்டீங்களா!" அவர் சிரித்துவிட்டார். "அந்தத் தண்ணியில சோப்பு திரிஞ்சு போயிடும்மா. வையம்பட்டி பக்கம் எங்க மச்சினன் ஊருல ஷேவிங் பண்ணினா இப்படித்தான், மூஞ்சியில திப்பி திப்பியா நிக்கும்."

கடின நீரிலுள்ள கால்சியம் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவைத் தரும். பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்தப் படிவு என் குழந்தையின் தலையில் இருக்கும் என்று தோன்றவேயில்லை.

"அப்ப அடிக்க வேணாமா?" என்றார் என் வீட்டுக்காரர். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மன் பேரைச் சொல்லிட்டேனேங்க" என்றேன்.

பின்னால் வரிசையிலிருந்து ஒருவர், "பேச்சுவார்த்தை முடிஞ்சுதா?" என்று கத்தினார்.

"இருங்கய்யா, உங்க தலை எங்கயும் ஓடிடாது" என்று பதில் கொடுத்துவிட்டு, முடி இறக்குபவர் கத்தியைக் கீழே வைத்தார்.

அந்த மனிதரிடம் எப்படியோ உண்மையைச் சொல்லிவிட்டேன். "நான் வேண்டிக்கவே இல்லைங்க. ஈருன்னு சொல்ல வெக்கப்பட்டு வெளியில அப்படிச் சொல்லிட்டேன்."

"வெக்கத்துக்கு மொட்டை அடிக்க வந்த முதல் ஆளு நீங்க இல்லை தாயி. பொம்பளைங்க பூமுடி குடுக்குறது இல்லையா? நுனியில மூணு கொத்து எடுத்துக் குடுங்க. அம்மனுக்குத் தெரியாததா?"

மூன்று கொத்து கத்தரித்துக் கொடுத்தார். அறுந்து சிதைந்த நுனிகள்தான். "சீயக்காய் போட்டு நல்ல தண்ணியில அலசுங்க" என்று சொல்லிவிட்டு, வரிசையில் கத்தியவரைக் கூப்பிட்டார்.

மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரர் ஆபீஸ் முடிந்ததும் ஸ்ரீரங்கத்தில் நண்பர் வீட்டுக் குழாயில் கேன் நிறைய ஆற்றுத் தண்ணீர் பிடித்து, பாலத்தைத் தாண்டி சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அந்தப் படிவு புளிப்புக்கு விடும் என்று இப்போது எனக்கு ஞாபகம் வந்தது. எலுமிச்சம்பழச் சாற்றைத் தண்ணீரில் கலந்து முதலில் அலசினேன், பிறகு சீயக்காய். மகளை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, கண்மேல் ஈரத்துணி போட்டு, முடியைப் பின்னால் தொங்கவிட்டுத் தேய்த்தேன். அவள் அழவில்லை. இத்தனை நாள் குனியவைத்துத்தான் தேய்த்தேன், இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை. நாலாவது முறை அலசியபோது முடி நனைந்து கையில் வழுக்கியது.

மொட்டை இல்லாமல் திரும்பியதைப் பக்கத்து வீட்டு அம்மா கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஏளனமாகப் பார்ப்பார் என்று காத்திருந்தேன்.

"அய்யோ, எங்க சின்னவ தலையிலயும் அதே வெள்ளைங்க! நான் வாராவாரம் மண்ணெண்ணெய் தேய்க்கிறேனே!"

இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு இருவருமாகப் பள்ளிக்கூடம் போனோம். டீச்சர் ஜன்னல் வெளிச்சத்தில் என் மகளின் முடியைப் பிரித்துப் பார்த்தார். "நாந்தாங்க சரியாப் பாக்காம சொல்லிட்டேன்" என்றார். அப்படி ஒரு டீச்சர் சொல்வது லேசில்லை. அவரிடமும் எனக்கு நன்றி உண்டு.

அந்த முடி இறக்குபவரை மறுபடி பார்க்கவில்லை. ஒரு நிமிஷ வேலை, சட்டென்று அடித்து அனுப்பியிருக்கலாம். நானும் திரும்பி வந்து, புதிதாக முளைத்ததை அதே பம்புத் தண்ணீரில், அதே சோப்பில் கழுவியிருப்பேன். மறுபடி வெள்ளை வந்திருக்கும், மறுபடி என் கையைத்தான் நொந்திருப்பேன்.

டீச்சர் என் மகளின் தோளைத் தொட்டு, "பையை எடுத்துட்டு வாடா, ரெண்டாவது பெஞ்சு" என்றார். அங்கிருந்த மூன்று பேரும் நகர்ந்து இடம் விட்டார்கள்.