ஆமை தின்ற கீரை

மத்தியானச் சோறு தின்று முடித்து, வட்டில்களைக் கழுவப் பின்பக்கம் எடுத்துப் போனபோதுதான் ஆமை செத்துக் கிடந்ததைப் பார்த்தேன். வெந்நீர் அடுப்பின் ஓரத்தில், எப்போதும் படுக்கிற சாக்கின் மேலேயே கிடந்தது. கழுத்து வெளியே நீண்டு தரையில் சாய்ந்திருந்தது. கால்கள் நாலும் வெளியே. என் கையிலிருந்த வட்டில் நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்து சுற்றியது. செருப்புச் சத்தத்துக்கே ஓட்டுக்குள் போய்விடுகிற ஜீவன் அது. அந்தச் சத்தத்துக்கு அசையவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அழுகைக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் ஆமை தின்ற அதே கீரையைத்தான் இன்று நான் கடைந்தேன். அதைத்தான் இப்போது என் மகள் சோற்றில் பிசைந்து, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போயிருக்கிறாள்.

எங்கள் வீடு மலைமேல், வெள்ளக்கடை போகிற வழியில், எஸ்டேட்டை ஒட்டி இருக்கிறது. காப்பித் தோட்டத்தில் களை எடுக்கிற நாங்கள் யாரும் கீரையைக் கடையில் வாங்குவதில்லை. வேலை முடிந்து வரும்போது செடிக்கு அடியில் முளைத்திருக்கும் மணத்தக்காளி, குப்பைக்கீரை, கண்ணில் பட்டது எதுவானாலும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு வருவோம். பூச்சிமருந்து அடித்த பக்கம் மட்டும் கை வைக்கக் கூடாது. அதற்கு அடையாளமாக அந்தப் பக்கத்து சில்வர் ஓக் மரத்தில் உரச் சாக்கின் கிழிசலைக் கட்டிவிடுவார்கள். வெள்ளைச் சாக்கு. வெயில் நாளில் தூரத்திலிருந்தே தெரியும். நான் கீரை பறித்த அன்று மேகம் இறங்கி, பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவளின் முகமே தெரியாமல் இருந்தது.

சின்ன வயதில், எஸ்டேட் லைனில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் காட்டுக் காளான் சமைத்துத் தின்று மயங்கிவிட, மொத்தக் குடும்பத்தையும் ஜீப்பில் தூக்கிப் போட்டுச் சேலத்துக்குக் கொண்டு போனார்கள். எல்லோரும் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் அந்த ஜீப் வளைவில் திரும்பி மறைந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் எனக்குள் முடியவே இல்லை. ஒன்பதாவது பாதியில் படிப்பை விட்டுவிட்டு அம்மாவுக்குப் பதிலாகக் களை எடுக்கப் போனேன். பயம் மட்டும் என்னை விட்டு எங்கும் போகவில்லை.

அதனால் ஆமை வந்த பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். எந்தக் கீரை பறித்து வந்தாலும் முதல் கைப்பிடி ஆமைக்கு. ஆமை தின்று, ராத்திரி கழிந்து, காலையில் நன்றாக இருந்தால்தான் எங்களுக்குச் சமையல். என் வீட்டுக்காரர் டவுனில் ஒரு லாட்ஜில் சமையல் வேலை பார்க்கிறவர். அவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "எங்க லாட்ஜுல கூட ருசி பாக்கத் தனி ஆளு இல்ல. எங்க ஊட்டுல இருக்குது!"

ஆமையைக் கொண்டு வந்ததும் அவர்தான். தங்க வந்த யாரோ ரூமைக் காலி செய்தபோது பாத்ரூமில் ஒரு பேசினுக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். போன் செய்து பார்த்தும் எடுக்கவில்லை. முதுகில் மஞ்சளாக நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோடு போட்ட ஆமை. அந்த ஜாதியை வீட்டில் வைத்திருந்தால் பாரஸ்ட்காரர்கள் பிடித்துப் போய்விடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் மகள் அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். காக்கிச் சட்டையில் யார் வந்தாலும், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவராக இருந்தாலும், நான் ஓடிப்போய் ஆமையின் மேல் கூடையைக் கவிழ்த்து வைப்பேன்.

ஆனால் ஆமை செத்த அன்று காலையில் நான் அதைப் பார்க்கவில்லை. வைத்த கீரை காலியாகியிருந்தது, அதை மட்டும் பார்த்தேன். தின்றுவிட்டது, சரி என்று அடுப்பைப் பற்ற வைத்துவிட்டேன்.

"ஏனுங்க, இங்க வாங்க. ஆமை போயிருச்சுங்க" என்று கத்தினேன்.

அவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. முன்னறையில் படுத்திருந்தவர் எழுந்திருக்காமலே கேட்டார். "அது போயி எவ்வளவு தூரம் போயிரப் போவுது? கட்டிலுக்கு அடியில பாரு."

பிறகு என் குரலில் என்ன கேட்டதோ, எழுந்து வந்தார். குந்தி உட்கார்ந்து ஆமையின் ஒரு காலை விரலால் தூக்கிப் பார்த்தார். விட்டதும் கால் பொத்தென்று விழுந்தது.

"அட சாமி..."

"கீரைதானுங்க. நேத்து அது தின்னுச்சு. அதையேதான் பாப்பாவும் தின்னுருக்குது."

"நானுந்தான் தின்னேன். எம்மேல கவலையே இல்லியா உனக்கு?"

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் அவரைத் தாண்டி முன்னறைக்கு ஓடினேன். மகள் பாயில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"வயிறு வலிக்குதா கண்ணு?"

"இல்லம்மா."

"மயக்கமா வருதா? வாந்தி வர மாதிரி இருக்குதா?"

"இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு சாமி. லேசாக் கூட வலிக்கலையா?"

திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் அவள் கிரயானைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதும்மா" என்றாள்.

போனை எடுத்தேன். டைப் அடிக்க வரவில்லை, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "ஆமை திடீர்னு செத்துப்போனா என்ன காரணம்" என்று கேட்டேன். ஆமை மோதிரத்தை எந்த விரலில் போட்டால் அதிர்ஷ்டம் என்று வீடியோவில் ஒரு ஆள் பேச ஆரம்பித்தார். அணைத்துவிட்டு எஸ்டேட் ரைட்டருக்குப் போன் போட்டேன். எந்தப் பக்கம் களை, எந்தப் பக்கம் மருந்து என்று ஆள் பிரித்து விடுகிறவர் அவர்தான்.

"நேத்து நாங்க களை எடுத்தமுங்களே, அதுக்கு மேப்பக்கம் மருந்தடிச்சிருந்ததுங்களா?"

"நீயா? ஏம்மா, போன வாரம் தண்ணி கலங்கலா வருது, செத்துருவமான்னு கேட்ட. இப்ப மருந்தா?" என்று சிரித்தார்.

"சொல்லுங்க ரைட்டரே."

"மேப்பக்கம் அடிச்சுது. சாக்கு கட்டி உட்டிருந்தமே, பாக்கலையா?"

"மேகம் இறங்கியிருந்துச்சுங்க. கீரை பறிச்சனுங்க."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "எந்தப் பக்கம் பறிச்ச?"

எனக்குத் தெரியவில்லை. குனிந்த தலை நிமிராமல் பறித்துக்கொண்டே போனேன். எங்கே ஆரம்பித்தேன் என்பது நினைவிருந்தது. எங்கே நின்றேன் என்பது இல்லை. எப்போதும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மனுசன் சிரிப்பதை நிறுத்தியதுதான், ஆமை செத்ததை விடவும் எனக்குப் பயமாக இருந்தது.

கட்டைப்பையில் சாக்கோடு ஆமையைத் தூக்கி வைத்தேன். வண்டியை வெளியே எடுத்த என் வீட்டுக்காரர் பையைப் பார்த்துவிட்டார்.

"அதை எதுக்குடி எடுக்கற? புள்ளைய மட்டும் கூட்டிட்டுப் போவோம். பாரஸ்ட்டுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரும் கம்பி எண்ணோணும்."

"ஆமையக் காட்டலைன்னா டாக்டருக்கு எப்பிடீங்க புரியும்? கீரை தின்னோம்னு சொன்னா, நல்லதுதானேம்பாங்க."

அவர் மகளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார். மூன்று பேரும் ஒரே வண்டியில் போனோம். நடுவில் மகள். பை என் மடியில். வளைவுக்கு வளைவு ஆமை என் தொடையில் இடித்தது. உயிரோடு இருந்தபோது இவ்வளவு கனம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசு. மகளைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கினார். அவள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.

"எங்க வலிக்குது?"

"இப்ப வலிக்கல. அம்மா கேட்டுட்டே இருந்தாங்க, அதான் வலிச்சுது."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "என்ன சாப்பிட்டுச்சு?"

"கீரைங்க."

"கீரை நல்லதுதானே?"

என் வீட்டுக்காரர் கதவுப் பக்கம் நகர்வதைப் பார்த்தேன். நான் பையைத் திறந்து, சாக்கை விலக்கி, ஆமையை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"ஐயோ, அங்க வெக்காதீங்க!" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கிட்டே வந்து குனிந்தார். "எப்பச் செத்துச்சு?"

"தெரியலீங்க. இதுவும் அதே கீரையத்தான் தின்னுச்சு. அந்தப் பக்கம் மருந்தடிச்சிருக்காங்க. சாக்கு கண்ணுக்குத் தெரியல."

"நான் மனுசங்களுக்குப் பாக்கற டாக்டர்மா. இது எதுனால செத்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? குளிரா இருக்கலாம், வயசா இருக்கலாம்." ஆனால் இப்போது மகளின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். எச்சில் ஊறுகிறதா, வேர்க்கிறதா என்று கேட்டார். "இப்போதைக்கு ஒண்ணுமில்ல. மருந்துன்னா கொஞ்ச நேரம் கழிச்சுக்கூடத் தெரியலாம். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

இப்போதைக்கு என்ற அந்த ஒரு வார்த்தையோடு நான் அன்றைக்கு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மேகம் ரோட்டை மூடுவதும் விடுவதுமாக இருந்தது. மகள் கொஞ்ச நேரம் நர்ஸிடம் கதை பேசினாள். ஆமை தூங்குகிறது, அதைத் தட்ட வேண்டாம் என்று சொன்னாள். பிறகு அவளும் தூங்கிப் போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அந்தக் கை தொங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். திரும்பவும் வெளியே வந்தது. திரும்பவும் வைத்தேன். மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். வந்தது. வந்ததை நம்பாமல் உலுக்கிவிட்டேன்.

"தூங்க உடும்மா" என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் என் மூச்சு கீழே இறங்கியது.

சாயங்காலம் மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்றார். உள்ளே காக்கி. ஆஸ்பத்திரியிலிருந்துதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தானே வேண்டும். என் வீட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"யாருதுங்க ஆமை?"

எத்தனையோ நாள் இந்தக் கேள்வியை நினைத்து நினைத்து எனக்கு வேர்த்திருக்கிறது. அன்றைக்கு எழுந்து நின்று, "என்னுதுங்க சார்" என்றேன்.

"இதை ஊட்டுல வெச்சிருந்ததுக்கு உம்மேல கேஸ் போடலாம், தெரியுமா?"

"போடுங்க சார். இதை அறுத்துப் பாப்பீங்களா?"

"என்னது?"

"வயித்துல மருந்து இருக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார். அப்பறம் எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்."

அவர் என்னையும், கட்டிலில் படுத்திருந்த மகளையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவதற்குத் தயாராக வந்தவர், எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்ற மாதிரி இருந்தது. பையோடு ஆமையை வாங்கிக்கொண்டார். "கீழ சேலத்துக்கு அனுப்பித்தான் பாக்கோணும். சொல்றேன்" என்றார்.

விளக்குப் போடுகிற நேரத்தில் டாக்டரம்மா மறுபடி பார்த்துவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார். மகள் வரும் வழியில் பசிக்கிறது என்றாள். பேக்கரியில் பன் வாங்கிக் கொடுத்தேன். அதிலும் முதல் துண்டை நான் பிய்த்துத் தின்றுவிட்டுத்தான் கொடுத்தேன்.

பிறகு ஒரு நாள் பெரிய அதிகாரி எங்கள் இருவரையும் வரவழைத்து, ஆமை எப்படி வந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டு, இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று திட்டி அனுப்பினார். என் வீட்டுக்காரருக்கு அதோடு எல்லாம் முடிந்துவிட்டது. வழியில் விசில் அடித்துக்கொண்டு வண்டி ஓட்டினார். எனக்கு முடியவில்லை. ஆமையை வாங்கிப் போன பாரஸ்ட் கார்டைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"கீழ கொண்டு போறதுக்குள்ள கெட்டுப்போச்சாம்மா. இனி ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

"மருந்து இல்லைன்னு சொன்னாங்களா?"

"இல்லைன்னும் சொல்லல. இருக்குதுன்னும் சொல்லல."

ஆமை ஏன் செத்தது என்று தெரியாததால் என் மகள் ஏன் சாகவில்லை என்பதும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. விஷம் இல்லாததால் பிழைத்தாளா, விஷம் இருந்தும் ஏதோ கொஞ்சமாகத் தின்றதால் பிழைத்தாளா, அல்லது அது இன்னும் உள்ளேயே இருந்து மெதுவாக வேலை செய்கிறதா? இதை வெளியே சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் சொல்வதில்லை. அவள் பல்லில் கறை தெரிந்தால், பள்ளிக்கூடம் விட்டு வந்து சீக்கிரம் தூங்கிவிட்டால், அந்த மேகத்துக்குள் திரும்பவும் குனிந்து நடக்கிறேன். எந்த மரத்தோடு பறிப்பதை நிறுத்தினேன் என்று தேடுகிறேன்.

காக்கியைக் கண்டால் ஒளிந்தவள் இப்போது அந்தக் கார்டை எங்கே பார்த்தாலும் குறுக்கே போய் நிற்கிறேன். அவர்தான் என்னைக் கண்டால் கடைக்குள் நுழைந்துவிடுகிறார். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் தப்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்.

"உம்புள்ள பள்ளிக்கூடம் போவுதா?"

"போவுதுங்க."

"சோறு திங்குதா?"

"நல்லாத் திங்குதுங்க."

"அப்பறம் எதுக்கும்மா என்னைய இந்தப் பாடு படுத்தற? செத்தது ஒரு ஆமை."

வண்டியை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டார். பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள், அந்த மாமா ஏன் கோபமாகப் போகிறார் என்று கேட்டாள். அவள் கை சூடாக இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.