இருநூறு கஜம்

இன்ஃபன்ட்ரியில் ரன்னர் என்றால் சேதி கொண்டு ஓடுகிறவன். எழுபத்தொன்று சண்டையில், மேற்கு எல்லையில், நான் அந்த வேலையில் இருந்தேன். ஊர் ஏரியூர்ப் பக்கம், பெயர் ஆரோக்கியசாமி.

அன்று காலை எங்கள் பிளாட்டூனுக்குப் பின்வாங்க ஆர்டர் வந்தது. இருநூறு கஜம் முன்னால் இருந்த போஸ்டில் பாலக்கோட்டு மாதையன் தனியாக இருந்தான். ஷெல் விழுந்து டெலிபோன் ஒயர் அறுந்துவிட்டது. ஹவில்தார் என்னைக் கூப்பிட்டு, "போய் மாதையனக் கூட்டிக்கிட்டு வந்துடு. எங்கியும் நிக்காத" என்றார்.

பாதி தூரம் போயிருப்பேன். பக்கத்தில் ஒரு ஷெல் விழுந்து மண்ணை வாரி அடித்தது. அங்கிருந்த வாய்க்காலில் படுத்தவன் எழவில்லை. காயம் ஒன்றும் இல்லை, பயம்தான். அரை மணி நேரமாவது கிடந்திருப்பேன். சத்தம் ஓய்ந்த பிறகு ஊர்ந்து போனேன். மாதையன் முழங்காலில் குண்டு பாய்ந்து கிடந்தான்.

"இப்பத்தாங்கண்ணா பட்டுச்சு" என்றான்.

அவனைத் தூக்கித் தோளில் போடுவதற்குள் எதிரிகள் சுற்றிக்கொண்டார்கள். ரைஃபிளைக் கீழே வைத்தேன்.

கைதி முகாமில் ஒரு வருஷம். அங்கே ஆஸ்பத்திரியில் அவன் காலை எடுத்துவிட்டார்கள். கக்கூசுக்குத் தூக்கிப்போவது, காய்ந்த ரொட்டியைப் பருப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். நான் குண்டு மழையில் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடி வந்ததாக மற்றக் கைதிகளிடம் சொல்வான். நான் வாயைத் திறக்கமாட்டேன். விடுதலையாகி வந்ததும் எங்கள் அதிகாரிகள் விசாரித்தார்கள். ஆர்டர் கிடைத்ததும் நேராகப் போனேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊரிலும் அதே கதைதான். அவன் கல்யாணத்தில் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

போன வருஷம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். உடம்பு தேறியதும் பஸ் ஏறிப் பாலக்கோடு போய், வாய்க்காலில் படுத்திருந்ததை மாதையனிடம் சொன்னேன். 

"அன்னிக்கே ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தா நாலு வார்த்த திட்டியிருப்பனுங்க" என்றான். "பயம் எனக்கும்தான் இருந்துச்சு. அப்புறம் ஒண்ணாத்தான ரொட்டி தின்னுருப்போம். இத்தன வருசமா ஊரெல்லாம் என்னப் பொய் சொல்ல வெச்சிட்டீங்களே."

நான் கிளம்பியபோது சாப்பிட்டுப் போகச் சொல்லவில்லை.

பட்டாளத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பயந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கூட இருப்பவனும் பயந்தவன்தான், புரிந்துகொள்வான். நாள் போகப் போக, பயந்ததைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாகிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவனுக்குப் போன் போடுகிறேன். மகன்தான் எடுக்கிறான். "அப்பா படுத்திருக்காருங்க பெரியப்பா" என்கிறான்.