எரியாத செங்கல்லுக்கு ஒரு தீ பாலிசி

காட்டூர் வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஒரு மஞ்சள் மதில் சுவரை இன்னும் எட்டிப் பார்ப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் என் கணவர் அதற்குப் பக்கத்து மனையில் வீடு கட்டும் கான்ட்ராக்டை எடுத்திருந்தார். இன்சூரன்ஸ் ஏஜென்டான என் தம்பி வழக்கம்போல் தீ விபத்து பாலிசி போட்டுக் கொடுத்தான். மைத்துனன் இருக்க வெளியாளிடம் போவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம்.

கட்டட வேலைகளுக்கென்றே இன்சூரன்ஸ் பார்க்கும் இப்ராஹிம் பாய் ஒருநாள் சைட்டுக்கு வந்தார். பாலிசியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "செங்கல்லும் ஜல்லியும் எங்கேங்க எரியப் போகுது? அஸ்திவாரம் தோண்டுறப்ப பக்கத்து வீட்டு மதில் விழுந்தா யாரு கட்டிக் கொடுப்பா?"

கணவர் அவரிடமே புது பாலிசி போட்டார். தம்பிக்கு இது அவமானம் என்று நான் கணவரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

ஐப்பசி மழையில் அந்த மதில் பள்ளத்துக்குள் சரிந்தது. ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்ததால் தப்பினார்கள். பாய் போட்ட பாலிசியில்தான் மதில் மறுபடி எழுந்தது.

அதைப் பார்க்க வந்த தம்பி, "நல்லவேளைக்கா, அத்தான் என்னை நம்பல" என்றான்.

இப்போது என் மகன் கட்டடம் கட்டுகிறான். இன்சூரன்ஸுக்கு அந்த வேலை தெரிந்த புரோக்கரிடம்தான் அவனைப் போகச் சொல்கிறேன். தம்பிக்குத் தீபாவளி வேட்டி மட்டும் தவறாமல் போகிறது.

— ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்