ஏரிக்கரை வளைவில் ஓட்டியது யார்?

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நம்புகிறவர்களுக்கு இது பிடிக்காது. இது பட்டப்பகலில், மத்தியானம் மூன்று மணிக்கு, திண்டிவனம் - செஞ்சி ரோட்டில் நடந்தது. நடந்தது டிரைவர் அறிவுமதிக்கு. செஞ்சி கூட்டு ரோட்டு கார் ஸ்டாண்டில் கேட்டுப் பாருங்கள். சிரிக்காமல் சொல்வார்.

அந்த வாரம் முழுக்க அவர் காரில் வந்தவர் எதியென் என்ற பிரெஞ்சுக்காரர். வயது எழுபதுக்கு மேல். பாண்டிச்சேரியில் தங்கிக்கொண்டு தினமும் செஞ்சிக்கு வருவார். மலை ஏற முழங்கால் விடாது. அடிவாரத்தில் உட்கார்ந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, பாறைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். காரில் பின்சீட்டுக்கே போக மாட்டார். முன்னால் இடதுபக்கம்தான். அவர் ஊரில் ஸ்டீயரிங் இருப்பது அந்தப் பக்கம்தானே.

எதியென் ஒரு காலத்தில் கார் பந்தயக்காரர். இருபத்து நான்கு மணி நேரம் ஓயாமல் ஓடும் பந்தயம். அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடித்துத் தொடங்கியவர், இருபது வருஷம் அதில் ஓட்டினார். ஒருமுறை இரண்டாவதாக வந்தார். முதலாவதாக ஒருநாளும் இல்லை. முழங்கால் மடங்காமல் போனதும் விட்டுவிட்டார்.

அந்தப் பந்தயத்தில் கார் ஒன்று, டிரைவர் மூன்று பேர். ஒருவர் களைத்தால் அடுத்தவர் ஏறுவார். பெட்ரோல் ஊற்றும் நேரத்துக்குள் ஆள் மாற வேண்டும். உள்ளே நெருக்கம், உட்கார்ந்தவர் தன் பெல்ட்டைத் தானே சரியாக இறுக்க முடியாது. அதனால் இறங்கியவர் உள்ளே குனிந்து, அவருடைய தோள் பெல்ட்டை இழுத்து இறுக்கிவிட்டு, தோளில் இரண்டு தட்டு தட்டுவார். இனி உன் பொறுப்பு என்று அர்த்தம். உடனே தூங்கப் போகவும் மாட்டார். கார் ஒரு சுற்று முடித்துத் தன்னைக் கடந்து போவதை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

இதையெல்லாம் எதியென் அறிவுமதியிடம் மட்டும்தான் சொன்னார். காரில் அப்போது வேறு யாரும் இல்லை.

கடைசி நாள் மாலை, பாண்டிச்சேரியில் இறங்கும்போது அறிவுமதியின் கண்களைப் பார்த்தார். இரண்டு ராத்திரி மூடாத கண்கள். மகள் சுவாதிக்கு டெங்கு. ராத்திரியெல்லாம் திண்டிவனம் ஆஸ்பத்திரி, பகலெல்லாம் சவாரி.

"உனக்கு மாத்து டிரைவர் யாரு?" என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்டார்.

"யாரும் இல்ல சார்."

அவர் சிரிக்கவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே விடுதிக்குள் போனார்.

அந்த ராத்திரியும் அறிவுமதி தூங்கவில்லை. மறுநாள் மத்தியானம் சுவாதியை ஆஸ்பத்திரியிலிருந்து செஞ்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்சீட்டில் மனைவி சுமலதா, அவள் மடியில் சுவாதி.

"கண்ண முழிச்சினு ஓட்டுய்யா. முடியலன்னா சொல்லு, நான் ஓட்றேன்."

"உனக்கு சைக்கிளே வராது."

"சைக்கிள்தான் வராது," என்றாள். கொஞ்ச தூரத்தில் சுமலதா தூங்கிப்போனாள்.

உடம்பு மத்தியானத்தில் தானாகவே கொஞ்சம் அணையும். தூங்காதவனுக்கு அது ஆபத்து. கண் திறந்தபடியே சில நொடி தூங்கிவிடுவான். தூங்கினோம் என்பதே அவனுக்குத் தெரியாது.

தீவனூர் தாண்டியதும் சத்தம் வந்தது.

டிங்... டிங்... டிங்...

முன்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் வரும் சத்தம். சீட்டுக்கு அடியில் எடையை உணரும் தகடு ஒன்று இருக்கிறது. சீட்டில் மருந்துப் பை இருந்தது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

டிங்... டிங்...

காலி சீட்.

பிறகு நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தார். பெல்ட் போட்டாலும் அப்படித்தான் நிற்கும் என்பது அப்போது தோன்றவில்லை. தைல வாசனை வந்தது...

அப்புறம் ஒன்றும் ஞாபகம் இல்லை.

தோளில் தட்டு.

ஒன்று... இரண்டு.

திடுக்கிட்டு விழித்தார். மூச்சு முட்டியது. அவருடைய பெல்ட்டை யாரோ இழுத்து இறுக்கியிருந்தார்கள். எதிரே செஞ்சி மலை. ஏரிக்கரை வளைவு பின்னால் போயிருந்தது.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூங்குகிறவன் கையிலும் ஸ்டீயரிங் கொஞ்ச தூரம் நேராக நிற்கும். சக்கரங்களை அப்படித்தான் சாய்த்துப் பூட்டியிருப்பார்கள். ஆனால், வளைவில் அது தானாகத் திரும்பாது. தூங்குகிறவன் கார் நேராக ஏரிக்குள்தான் போகும்.

இந்தக் கார் திரும்பியிருந்தது.

இடதுபக்கம் பார்த்தார்.

காலி சீட்டின் மேல் பெல்ட் மாட்டியிருந்தது. விறைப்பாக... உள்ளே ஆள் இருப்பது போல.

க்ளிக்.

பெல்ட் தானாகக் கழன்று, மெதுவாக உள்ளே சுருண்டது.

டிங்...

ஒரே ஒரு தடவை. நின்றது.

கண்ணாடியில் பார்த்தார்.

பின்னால், ரோட்டோரம்... ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அசையாமல் நின்று இந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிவுமதி நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாண்டிச்சேரி விடுதிக்குப் போன் செய்தார். ஷோபனா என்ற வரவேற்புப் பெண் எடுத்தாள்.

"அண்ணே, உங்களுக்குத்தான் காலையிலேர்ந்து அடிச்சினு இருக்கோம். நீங்க எடுக்கவே இல்ல. எதியென் சார் விடியற்காலையே போயிட்டாரு. நாற்காலில உக்காந்தபடியே..."

ஆஸ்பத்திரியில் போனைச் சத்தமில்லாமல் வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் மெக்கானிக் அரிகிருஷ்ணன் சீட்டைக் கழற்றிப் பார்த்தான். "தகடு, வயரு எல்லாம் நல்லாத்தான் இருக்குது மாமா," என்றான்.

அறிவுமதி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சுவாதி கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டாள்.

"நைனா, அன்னிக்கு நீ தூங்கசொல்ல ஸ்டீயரிங்க புடிச்சினு வந்தாரே, அந்தத் தாத்தா யாரு?"

அவர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சொல்ற?"

சுவாதி எழுந்து வந்தாள். அவர் தோளில் இல்லாத பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். பிறகு, பிஞ்சு விரல்களால் இரண்டு தட்டு தட்டினாள்.

"இப்டி பண்ட்டு எறங்கிட்டாரு. ரோட்டோரமாவே நின்னுனு இருந்தாரு. நாம எப்ப நைனா ஒரு சுத்து சுத்தினு அந்தப் பக்கம் போவோம்?"

அறிவுமதி இப்போதும் திண்டிவனத்துக்குச் சவாரி போகிறார்.

அந்த ரோட்டில் மட்டும் போவதில்லை.