பாவா சொன்ன மிஷினும் நான் சொன்ன மூன்று நாளும்

என் அக்கா வீட்டுக்காரரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். சென்னையில் ஆஸ்பத்திரி மிஷின் விற்கும் கம்பெனியில் இருந்தார். இரண்டாயிரம் பிறந்த புதிதில், திருத்தணிக்கு ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்தாரென்றால், எந்த டாக்டருக்கு எப்போது வேலை போகும் என்று ஜோசியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"மொதல்ல கண்ணு டாக்டரு. மோவாய மிஷின்ல வெச்சா போதும், பவர அதுவே சொல்லிடுது. ஈசிஜிய இப்பவே மிஷின் படிச்சி கீழ எழுதியும் குடுத்துடுது. நாளைக்கி எக்ஸ்ரேவையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கும். ஆபரேஷன் பண்றவங்க மட்டும் கொஞ்ச நாள் தள்ளுவாங்க."

"பொம்பளைங்க டாக்டருக்கு, பாவா?"

"அதுக்கும் வரும். மிஷின் கேள்வி கேக்கும், நீ பட்டன அமுக்கினா மருந்து எழுதிடும்."

அது சீக்கிரம் வந்து தொலையக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. மிஷினிடம் வெட்கப்பட வேண்டாமே!

காவடி எடுத்து வருகிறவர்களுக்குப் படையலும் சாப்பாடும் சமைத்துக் கொடுப்பது என் மாமனார் வீட்டுத் தொழில். தூரமானால் மூன்று நாள் பின்கட்டு அறை. நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்படி. எனக்கோ ரத்தப்போக்கு நிற்கவேயில்லை. முதல் மாதம் ஒழுங்காகத்தான் அறையிலேயே கிடந்தேன். மாமனாரிலிருந்து காய் நறுக்க வருகிற பெண்கள்வரை, "இன்னுமா உக்காந்துகினு இருக்கா?" என்று கேட்டார்கள். மானம் போயிற்று. அடுத்த மாதத்திலிருந்து நாலாம் நாளே குளித்துவிட்டு, நின்றுவிட்டது என்று சொல்லி அடுப்பு மூட்டினேன். வாயைத் திறந்து ஒருவரிடமும் சொல்லவில்லை, கட்டினவரிடம்கூட.

ஒருநாள் சாதம் வடிக்கும்போது மயங்கி விழுந்தேன். அத்தை, அதாவது என் மாமியார், லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"எத்தினி நாள் போவுதும்மா?" என்றார் டாக்டர்.

"மூணு நாள்தாங்க."

"ஆங், மூணு நாள்தான். நான்தான் பார்க்கிறனே," என்றார் அத்தை.

பாவாவின் மிஷினாக இருந்தால் மூன்றைத்தான் அமுக்கியிருப்பேன். அதுவும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கும். கண்ணும் இதயமும் பொய் சொல்லாது பாவா, நான் சொல்வேனே! அந்த டாக்டர் சத்து மாத்திரை எழுதவில்லை. என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு சீட்டைக் கிழித்து அத்தையிடம் கொடுத்தார்.

"கீழ மெடிக்கல்ல இந்த ஊசிய வாங்கினு வாங்கம்மா."

அத்தை போனதும் கதவைச் சாத்தினார்.

"இப்ப சொல்லு. யாருக்குப் பயந்துகினு மூணு நாள்னு சொல்ற?"

அழுதுவிட்டேன். "நிக்கவே இல்லீங்க. பல மாசமா." இதுவரைக்கும் எப்படியோ வந்துவிட்டது. மற்றதைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். "அப்படியே சமைச்சிகினும் இருக்கேங்க."

"பைத்தியமா நீ? உடம்புல ரத்தமே இல்ல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா போய்ச் சேர்ந்திருப்ப!" என்று திட்டினார். அத்தையிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். எப்படியும் தெரியத்தானே போகிறது என்று தலையாட்டினேன்.

அத்தை ஊசியோடு வந்தார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பல மாதமாக நிற்கவில்லை, கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம், இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏற்ற வேண்டும், விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்.

அத்தை உயிரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஊசியை மேஜைமேல் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஆடிக் கிருத்திகை அன்னிக்கி, சாமிக்குப் பொங்கல் வெச்சது?"

"நான்தாங்க அத்தை."

உடம்பெல்லாம் கூசியது. டாக்டரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வரும்போது என்னைத் தோளில் சாய்த்துப் படியேற்றிக் கூட்டி வந்த அத்தை, போகும்போது தொடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நானே இறங்கினேன்.